பறவைக்கு உத்தரவு, புலிக்குச் சன்மானம்

ஆரணியிலிருந்து பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் விடிகாலையில் பஸ் ஏறினால் போதும். வந்தவாசி, உத்திரமேரூர் பக்கமாகப் போய், பகல் முழுவதும் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றுவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஒரு வழிக்கு நூறு கிலோமீட்டருக்குள்தான் வரும். புலி பார்க்க வேண்டும் என்றால் கதையே வேறு. முதுமலைக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல், முண்டந்துறைக்கு அதைவிடவும் தூரம். போக வர மூன்று நாளாவது ஆகும். அப்படிப் போயும் புலி கண்ணில் படும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. மான் பார்த்தோம், யானை பார்த்தோம், மண்ணில் புலியின் கால்தடம் பார்த்தோம் என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

பறவை பக்கத்திலும் புலி தூரத்திலும் இருப்பது இயற்கையாக அமைந்த ஏற்பாடு என்று தோன்றலாம். பறவைக்குத் தண்ணீர், புலிக்கு மலை, அவ்வளவுதானே? ஆனால் மலை ஆரணிக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே! ஊர் வழியே போகும் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையில் பிறந்து வருவது. ஆரணி ஜாகீர்தார்களின் சிதைந்த மாளிகை நிற்கும் பூசிமலைக்குப்பத்தில் இன்றும் காடு இருக்கிறது. வேலூர் பக்கம் அமிர்தியில் வனத்துறையின் சிறு உயிரியல் பூங்காவும் ஜவ்வாது மலைக் காட்டுக்குள்தான் இருக்கிறது. மலை இருக்கிறது, காடு ஓரளவு இருக்கிறது, புலிதான் இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது. அதற்குக் கல்லே சாட்சி. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் வயலோரத்திலும் புதரிலும் நிற்கும் நடுகற்களில் பெரும்பாலானவை மாடுபிடிச் சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்டவை. சிலவற்றில் ஆளுக்கு எதிரே புலி பாய்ந்து நிற்கும். புலியோடு போராடி இறந்தவனுக்கு ஊரார் நட்ட கல் அது, 'புலிகுத்திக் கல்' என்பார்கள். (செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில் ஒரு நாய்க்கே கல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. திருடர்களைக் கடித்துத் தன் எஜமானனின் உடலைக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். நாய்க்குப் பெயர் பொறித்துக் கல் நட்ட ஊர்கள் இவை.) புலியைக் கொன்றவனைக் கும்பிட்டார்களே தவிர, புலியைப் பூண்டோடு ஒழிக்க வேண்டும் என்று யாரும் கிளம்பியதாகத் தெரியவில்லை. மாட்டை அடித்த புலியைத் துரத்துவார்கள். காட்டுக்குள் இருக்கும் புலி காட்டுக்குள் இருக்கும்.

இது எப்போது மாறியது என்று தேடினால் கணக்குப் புத்தகத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அதாவது நிலவரிக் கணக்கில். வேடந்தாங்கல் பறவைக்குக் காவல் போட்டதும் அதே கணக்குதான், புலியின் தலைக்கு விலை வைத்ததும் அதே கணக்குதான். ஒரே முதலாளி, ஒரே பேரேடு. ஒரு பக்கத்தில் பறவை வரவில் நின்றது, மறுபக்கத்தில் புலி செலவில் நின்றது.

கதை போரில் தொடங்குகிறது. 1780-ல் ஹைதர் அலியின் படை கர்நாடகத்துக்குள், அதாவது ஆற்காட்டு நவாபின் சீமைக்குள் இறங்கியது. செங்கல்பட்டுப் பக்கம் ஊர் ஊராக எரிந்தது. ஆரணிக் கோட்டையில் ஹைதரின் ஆயுதக் கிடங்கு இருந்தது. அதைக் குறிவைத்து வந்த ஐர் கூட்டின் கம்பெனிப் படை 1782 ஜூன் 2-ந் தேதி ஆரணியில் மைசூர்ப் படையோடு மோதியது. கோட்டை விழவில்லை. ஆரணிக்கு அது இரண்டாவது சண்டை. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் சண்டை போட்டதும் இங்கேதான். பட்டுத்தறி ஊர் என்று மட்டுமே ஆரணியை அறிந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.

அந்த மைசூர்ப் படையின் அடையாளம் புலி. ஹைதரின் மகன் திப்பு சுல்தான் சிப்பாய்களின் உடுப்பில் புலிவரி போட்டான், சிம்மாசனத்தில் புலித்தலை வைத்தான். வெள்ளைக்காரன் ஒருவனைப் புலி கடித்துக் குதறுவது போல மரத்தில் ஒரு இயந்திரப் பொம்மையே செய்து வைத்திருந்தான். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கம்பெனிக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது அது லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெற்றிக்காக அடித்த பதக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் ஒன்று புலியை மல்லாத்திப் போட்டு அழுத்திக்கொண்டு நிற்கும். புலி வேட்டையில் துரைமார்களுக்கு இருந்த வெறியில் இந்தப் பழைய பகைக்கும் கொஞ்சம் பங்கு இருக்கத்தான் செய்யும்.

ஆனால் வெறி மட்டும் ஒரு மிருகத்தைத் துடைத்து எடுத்துவிடாது. அதற்குப் பணம் வேண்டும்.

போருக்குப் பிறகு செங்கல்பட்டுச் சீமையில் பாதி ஊர்கள் பாழாகக் கிடந்தன. ஏரி உடைந்தால் அறுவடை இல்லை, அறுவடை இல்லாவிட்டால் வரி இல்லை. 1794 முதல் 1798 வரை அங்கே கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி பற்றிய கதையில் வருகிற அதே பிளேஸ் துரைதான். மழை கொட்டிய இரவில் ராமனும் லட்சுமணனும் வில்லோடு கரையைக் காவல் காத்ததை அவர் கண்டதாகச் சொல்வார்கள். 'ஏரி காத்த ராமர்' என்று கோயிலுக்கே பெயர் வந்துவிட்டது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஏரிகளைச் சரி செய்வதிலேயே அவர் கவனமாக இருந்தார் என்பதில் சந்தேகமில்லை. சாகுபடியைக் கூட்ட வேண்டும், வரியைக் கூட்ட வேண்டும், அதுதான் அவருக்குக் கம்பெனி கொடுத்த வேலை.

வேடந்தாங்கல்காரர்கள் போய் நின்றது இந்த பிளேஸ் துரையிடம்தான். அவர்கள் ஏரியில் வருஷா வருஷம் பறவைகள் வந்து கூடு கட்டும். சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து சுட்டுக்கொண்டு போனார்கள். ஊரார் திரண்டு போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள் என்றும், அங்கே பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. அந்தக் காலத்தில் இப்படி எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிக்குக் 'கவுல்' என்று பெயர். நடந்தது 1790-களின் கடைசியில். 1858-ல் அந்த உரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-ல் முறைப்படி பறவைகள் சரணாலயம் ஆனது. ஊரின் பெயரைப் பாருங்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடன் தாங்கல், வேடந்தாங்கல். வேடன் பெயரில் இருக்கும் ஏரிதான் பறவைக்கு அடைக்கலம்!

ஊரார் முறையிட்டது பறவையின் அழகுக்காகவா? அழகும் இருக்கலாம். ஆனால் கலெக்டருக்குப் புரிந்த காரணம் எரு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறையும். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா எல்லாம் அந்த மரங்களில் அடுக்கடுக்காகக் கூடு கட்டும். ஒரே மரத்தில் மேல் மாடி, கீழ் மாடி என்று பல ஜாதிப் பறவைகளின் குடித்தனம் நடக்கும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நரி, பூனை எதுவும் கூட்டைத் தொட முடியாது. மரத்தில் குஞ்சு, அடியில் எச்சம். எச்சம் தண்ணீரில் கரைந்து அந்தத் தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் பாயும். தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த தண்ணீர். உர மூட்டை என்று ஒன்று உலகத்தில் இல்லாத காலத்தில் இது எத்தனை பெரிய சொத்து என்று விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நெல் கூடினால் வரி கூடும் என்று கலெக்டருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரு தரப்புக்கும் லாபம் தந்த ஒப்பந்தம் அது. இருநூறு வருஷத்துக்கு மேல் நிற்பதற்கும் அதுவே காரணம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. செலவு ஏறக்குறைய பூஜ்யம். நாரை யாருடைய ஆட்டையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஊரார் செய்ய வேண்டியதெல்லாம் சுடாமல் இருப்பது, மரம் வெட்டாமல் இருப்பது, சத்தம் போடாமல் இருப்பது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொல்லுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று ஒவ்வொரு வருஷமும் பத்திரிகையில் செய்தி வரும். குழந்தைகளுக்கு அது தியாகம்தான். ஆனாலும் மாட்டை இழக்கிற தியாகம் இல்லை.

இப்போது அதே பேரேட்டின் மறுபக்கத்தைப் பார்க்கலாம். வரியைக் கூட்ட வேண்டும் என்றால் காட்டை அழித்து வயலாக்க வேண்டும். அந்தக் காட்டில் புலி நிற்கிறது. அது மாட்டை அடிக்கும், சில சமயம் ஆளையும் அடிக்கும். மாடு செத்தால் ஏர் நிற்கும், பயந்து குடியானவன் ஓடினால் வரி நிற்கும். ஆகவே கம்பெனியின் பார்வையில் புலி என்பது வசூலுக்குத் தடை. புலியைக் கொன்று அடையாளம் கொண்டுவந்து காட்டுகிறவனுக்குச் சன்மானம் என்று அறிவித்தார்கள். கம்பெனி போய் ராணி ஆட்சி வந்த பிறகு இது இன்னும் ஒழுங்காயிற்று. எத்தனை பேர் காட்டு மிருகங்களால் செத்தார்கள், எத்தனை மாடு போயிற்று, எத்தனை புலி கொல்லப்பட்டது, எவ்வளவு பணம் பட்டுவாடா ஆயிற்று என்று மாகாணம் மாகாணமாக ஆண்டுக் கணக்கு எழுதினார்கள். சிறுத்தைக்கும் பணம், ஓநாய்க்கும் பணம், 1870-களிலிருந்து சிவிங்கிப்புலிக்கும் பணம்.

வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் இந்தக் கணக்குகளைக் கூட்டிப் பார்த்தார். 1875 முதல் 1925 வரை, ஐம்பதே வருஷத்தில், பிரிட்டிஷ் இந்தியாவில் சன்மானத்துக்காகக் கொல்லப்பட்டவை 80,000-க்கும் மேற்பட்ட புலிகள், 1,50,000-க்கும் மேற்பட்ட சிறுத்தைகள், 2,00,000 ஓநாய்கள். இது பணம் கொடுத்த கணக்கு மட்டும். மகாராஜாக்களும் துரைமார்களும் பொழுதுபோக்குக்காகச் சுட்டது தனி. சர்குஜா மகாராஜா ஒருவர் மட்டும் 1,157 புலிகளைச் சுட்டார்!

வேடிக்கை என்னவென்றால், புலியின் தலைக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த அதே சர்க்காரின் தலைநகரத்தில் உயிரோடு புலியைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. 1851-ல் தொடங்கிய மதராஸ் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். அங்கே ஒரு புலிக்குட்டியும் ஒரு 'சீட்டா'வும் கட்டி வைத்திருந்தபோது பார்வையாளர் எண்ணிக்கை ஏறுவதைக் கவனித்தார். (அந்தக் காலத்து ஆங்கிலக் குறிப்புகளில் சிறுத்தையையும் சீட்டா என்றே எழுதுவார்கள் என்பதால் அது உண்மையில் எந்த மிருகமோ!) ஆற்காட்டு நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களையும் வாங்கிச் சேர்த்து 1855-ல் ஒரு மிருகக்காட்சி சாலையே ஆரம்பித்துவிட்டார். ஆரணி ஜாகீர் எந்த நவாபின் சீமைக்குள் இருந்ததோ அந்த வம்சத்தின் கடைசிக் கர்நாடக நவாப் குலாம் கௌஸ் கான் அதே 1855-ல் காலமானார், பட்டமும் அவரோடு போயிற்று. அவருடைய மிருகங்கள் மட்டும் பொதுச் சொத்தாக மிஞ்சின. அருங்காட்சியகத்திலிருந்து மிருகங்கள் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துப் பூங்காவுக்குப் போயின. 1985-ல் அங்கிருந்து வண்டலூருக்குப் போயின. இன்று ஆரணிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளை முதல் முதலில் புலியைப் பார்ப்பது பெரும்பாலும் வண்டலூர்க் கம்பிக்கு அந்தப் பக்கம்தான்.

ஜவ்வாது மலையிலும் அதைச் சுற்றியுள்ள காடுகளிலும் புலி இல்லாமல் போனதற்குச் சன்மானம் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் இரை. கர்நாடகத்தின் புலி ஆராய்ச்சியாளர் உல்லாஸ் கரந்த் இதை எளிமையாக விளக்குவார். ஒரு புலிக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 50 மான் அளவு இரை வேண்டும். புலி தன் எல்லையிலுள்ள இரையில் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுக்கும். ஆகவே 50 கிடைக்க வேண்டுமென்றால் காட்டில் 500 இருக்க வேண்டும். தறிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். புலி வட்டியில் சாப்பிடுகிற பிராணி, அசலைத் தொடாது. அசலை மனிதன் எடுத்துவிட்டான். மானை வேட்டையாடியும், காட்டை வெட்டியும், மேய்ச்சல் மாட்டை உள்ளே விட்டும் எடுத்துவிட்டான். ஜவ்வாது மலை என்றாலே சந்தனக் கடத்தல் நினைவுக்கு வரும் அளவுக்கு மரம் போயிற்று. அசல் போன இடத்தில் வட்டி ஏது?

சிறுத்தை பிழைத்துக்கொண்டது. அது கோழி, நாய், ஆடு என்று கிடைத்ததைத் தின்று, பாறை இடுக்கில் படுத்து, ஊரின் ஓரத்திலேயே குடித்தனம் நடத்தும். பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன், ஏலகிரி மலையில் ஆட்கொல்லிச் சிறுத்தை ஒன்றைத் தேடிப் போன கதையை 1950-களில் வெளிவந்த 'மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஜங்கிள் கில்லர்ஸ்' புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஏலகிரி என்றால் ஜோலார்பேட்டைக்கு மேலே இருக்கும் மலை, ரொம்ப தூரம் இல்லை.

சிவிங்கிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வெட்ட வெளியில் ஓடி மானைப் பிடிக்கிற மிருகம், வெட்ட வெளியெல்லாம் வயலானபோது ஒளிய இடமில்லாமல் போயிற்று. இந்தியாவின் கடைசிச் சிவிங்கிகள் என்று எல்லோரும் சொல்வது மத்திய இந்தியாவில் கொரியா சமஸ்தானத்து மகாராஜா 1947 வாக்கில் ஒரே இரவில் சுட்ட மூன்றைத்தான். ஆனால் கிர்க்பாட்ரிக் என்பவர் சித்தூர் மாவட்டத்தில் ஒரு சிவிங்கியைக் கண்டதை 1952-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் பதிவு செய்தார். அப்போது சித்தூர் மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. அதற்கும் முன்னால், 1911 வரை, ஆரணி அடங்கிய வட ஆற்காடு மாவட்டத்துக்கே தலைநகரம் சித்தூர்தான். ஆக, இந்தியாவில் கடைசியாகப் பதிவான சிவிங்கிகளில் ஒன்று ஆரணியின் பழைய மாவட்டத் தலைநகரத்துப் பக்கம் நடமாடியது. அதே 1952-ல் சிவிங்கி இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளை விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் கூனோ காட்டில் விட்டார்கள். ஒரு காலத்தில் பணம் கொடுத்துக் கொன்றதை இப்போது பணம் கொடுத்து வரவழைக்க வேண்டியதாயிற்று.

புலிக்கு அந்த நிலைமை கொஞ்சத்தில் தப்பியது. 1940-ல் முதுமலையில் சுமார் 60 சதுர கிலோமீட்டரைச் சரணாலயமாக்கினார்கள், தென்னிந்தியாவில் இது முன்னோடி. 1962-ல் முண்டந்துறை. நாடு முழுவதும் புலி வேட்டைக்குத் தடை வந்தது 1970-ல்தான். 1972-ல் கால்தடத்தை வைத்து எண்ணியபோது கிடைத்த எண்ணிக்கை 1,827. ஐம்பது வருஷத்தில் 80,000-த்தைக் கொன்ற தேசத்தில் மிச்சம் அவ்வளவுதான்! அதே வருஷம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1973-ல் புலிகள் திட்டம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் 1988-ல் களக்காடு முண்டந்துறையில் வந்தது. முதுமலை 2007-ல் காப்பகமானது, சத்தியமங்கலம் 2013-ல். பிறகு கேமரா வைத்து எண்ணும் முறை வந்தது. தமிழ்நாட்டில் 2006-ல் 76 புலிகள் என்றார்கள், 2022 கணக்கெடுப்பில் 306. கூடியிருக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் அவை ஏறக்குறைய எல்லாமே மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய காடுகளில்தான். கிழக்கே ஜவ்வாது மலைக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை.

புலியைக் காப்பதில் இன்றைக்கும் இடிப்பது பழைய கணக்குதான். வேடந்தாங்கலில் பறவையைக் காத்தவனும் எரு பெற்றவனும் ஒரே ஆள். புலிக் காட்டில் அப்படி இல்லை. புலி இருப்பதால் காடு இருக்கிறது, காடு இருப்பதால் தாமிரபரணியிலும் பவானியிலும் மாயாற்றிலும் தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீரில் நெல் விளைவிப்பவனும் ஆலை நடத்துபவனும் கீழே சமவெளியில் இருக்கிறான். மாட்டை இழப்பவன் மேலே காட்டோரத்தில் இருக்கிறான். இழப்பீடு உண்டு. வருவதற்குள் அவன் எத்தனை நாள் நடையாக நடக்கிறான் என்பது வேறு விஷயம். செலவு ஒருவன் தலையில், வரவு இன்னொருவன் பையில். பிளேஸ் துரை காலத்து வேடந்தாங்கல்காரர்களிடம் இப்படி ஒரு ஒப்பந்தத்தை நீட்டியிருந்தால் அவர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

2021-ல் மசினகுடி, கூடலூர் பக்கம் நடந்ததை டிவியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி-23 என்ற புலியைத் தேடி வனத்துறை மூன்று வாரம் காட்டைச் சல்லடை போட்டது. முதலில் வேட்டையாட உத்தரவு வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் உடனே கொல்ல வேண்டாம், பிடிக்கப் பாருங்கள் என்றது. அக்டோபர் 15-ந் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு இதே புலியின் தோலுக்குத் தாலுகா கச்சேரியில் பணம் எண்ணி வைத்திருப்பார்கள். ஊர்க்காரர்கள் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். அந்த மூன்று வாரமும் அவர்கள் மாடு மேய்க்கப் போகவில்லை, தேயிலை பறிக்கப் பயந்தார்கள். புலியைக் கொல்லாதே என்று நகரத்தில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு ஒரு நாள் கூலியும் போகவில்லை.

வேடந்தாங்கலின் பழைய ஒப்பந்தமும் இப்போது கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கிறது. உர மூட்டை வந்த பிறகு எச்சத்தின் மதிப்பு குறைந்துவிட்டது. ஏரி என்னவோ 30 ஹெக்டேர்தான். நடந்தே சுற்றிவிடலாம். ஆனால் அந்த ஏரிக்குள் இருக்கும் மீன் மட்டும் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கும் குஞ்சுகளுக்கும் காணாது. அவை காலையில் பறந்து போய்ச் சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் குளங்களிலும் நெல் வயல்களிலும் மேய்ந்துவிட்டுத்தான் திரும்புகின்றன. வேடந்தாங்கல் வீடு என்றால் பக்கத்து ஏரிகள்தான் சமையலறை. அதனால்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரைக்கும் சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு யோசனை எழுந்தது. வட்டத்துக்குள் தொழிற்சாலை இருந்ததும் சேர்ந்து பெரிய சர்ச்சையாகி, எதிர்ப்புக்குப் பிறகு யோசனை கைவிடப்பட்டது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று அர்த்தம். பட்டியலில் சேர்த்தால் மட்டும் மழை பெய்துவிடாது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி வறண்டால் அந்த வருஷம் மரங்கள் வெறிச்சென்று நிற்கும். போகிறவர்கள் மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் டிசம்பர், ஜனவரியில் போக வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல், மேயப்போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரத்தில் கண்காணிப்புக் கோபுரத்தில் நிற்க வேண்டும். ஊசிவால் வாத்து மாதிரி வட தேசத்து விருந்தாளிகளும் அப்போது தண்ணீரில் மிதக்கும்.

ஆரணிச் சேலையின் கரையில் மயிலும் அன்னமும் யாளியும் அடுத்தடுத்து நடந்து போகும். நெய்கிறவருக்கு மூன்றும் ஒரே கூலிதான். நிஜத்தில் அன்னத்துக்கும் யாளிக்கும் வேறு வேறு கூலி கிடைத்த கதைதான் மேலே சொன்னது.

பெரிய பூனை இந்தப் பக்கம் முழுக்க இல்லாமல் போய்விடவில்லை. 2024 ஜூனில் ஒரு சிறுத்தை பட்டப்பகலில் திருப்பத்தூர் நகரத்துக்குள் வந்துவிட்டது. கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்து தாவி ஒரு கார் நிறுத்தும் கொட்டகைக்குள் போய்ப் பதுங்கியது. உள்ளே இருந்தவர்கள் காருக்குள்ளேயே கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வனத்துறையினர் இரவெல்லாம் காத்திருந்து, மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள்.